அக்கா கேட்காத சத்தம்!



உங்க ஹாஸ்டல் ரூம்ல யாராவது சமீபத்துல ‘மெக்கானிக்கல் கீபோர்டு’ வாங்கியிருக்காங்களா? ராத்திரி ஒரு மணிக்கு பக்கத்துக் கட்டில்ல இருந்து ‘டக்... டடக்... டக்’னு சத்தம் வந்தா, அவர்தான் ஆள். ஏன் மச்சான் இந்தக் கொடுமைன்னு கேட்டா, “பழைய காலத்து ஃபீல்டா!”னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வார். அந்தப் பழைய காலத்துல அவர் பிறந்திருக்கவே மாட்டார், அது வேற விஷயம்!

சிரிக்காதீங்க. நானும் அதே கேஸ்தான். போன பொங்கலுக்கு ஊருக்குப் போறப்போ, செகண்ட் ஹேண்ட்ல 2,800 ரூபாய் கொடுத்து ஒரு கீபோர்டு வாங்கிட்டுப் போனேன். எனக்கு இல்லை, அக்காவுக்கு. அது எப்படி பல்பு வாங்கின கதையாச்சுன்னு சொல்றேன். கேட்டுட்டு, உங்க பாக்கெட் மணியை என்ன பண்ணலாம்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

கொஞ்சம் ஃபிளாஷ்பேக்.

2002. மேட்டூர் அணையை வழக்கமா ஜூன் 12-ல் திறக்கணும். அந்த வருஷம் திறக்கலை. டெல்டாவுல குறுவை போச்சு. போர் போட்டவங்க எப்படியோ சமாளிச்சாங்க. ஆத்துத் தண்ணியை நம்பின எங்க பக்கம் வயல் வெடிச்சுக் கிடந்துச்சு. எங்க ஊர் திருவையாறு பக்கம். நடவு இல்லேன்னா அம்மாவுக்குக் கூலி இல்லை. அக்கா அப்பதான் ப்ளஸ் டூ முடிச்சிருந்தா. வீட்டுல காலேஜ் பேச்சையே எடுக்க முடியலை. அம்மா என்ன பண்ணினாங்க தெரியுமா? காதுல கிடந்த தோட்டை அடகு வெச்சு, அக்காவை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல சேர்த்து விட்டாங்க.

அவளுக்குக் கிடைச்சது சாயங்கால பேட்ச். திரும்பி வர்றதுக்குள்ள இருட்டிடும். அதனால துணைக்கு ஒரு ‘ஆம்பளை’ போகணும்னு முடிவாச்சு. அந்த ஆம்பளை நான்தான். வயசு எட்டு!

தினமும் ஒரு மணி நேரம் வாசல் பெஞ்சுல உட்கார்ந்திருப்பேன். உள்ளே ரெமிங்டன், ஹால்டா, ஃபேசிட், கோத்ரெஜ்னு பத்து மெஷின். பத்தும் ஒண்ணா அடிக்க ஆரம்பிச்சா... அடடா! மழையே வராத அந்த வருஷத்துல, தகரக் கொட்டகை மேல மழை பெய்யுற மாதிரி இருக்கும். நடுநடுவே வரி முடியுறப்போ ‘டிங்’னு மணி. ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே’ பாடம் எனக்கே மனப்பாடம். அந்தத் தாளத்துல பல நாள் தூங்கியே போயிருக்கேன்.

இருபது வருஷம் கழிச்சும் அந்தச் சத்தம் எனக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. கடையில அந்த கீபோர்டைத் தட்டிப் பார்த்ததும் ‘டக்’னு ஒரு சத்தம். அவ்வளவுதான், விழுந்துட்டேன்!

இனி பொங்கல் அன்னிக்கு வாங்க. அக்கா இப்ப தஞ்சாவூர்ல ஒரு அரசு ஆபீஸ்ல தட்டச்சர். கீபோர்டைப் பிரிச்சு அவ முன்னாடி வெச்சேன். பத்து வரி அடிச்சா. மழை மாதிரி சத்தம் வந்துச்சு. நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

“எப்படிக்கா இருக்கு? இன்ஸ்டிடியூட் சத்தம் ஞாபகம் வருதா?”

“எந்தச் சத்தம்?”

“அதான்க்கா... பத்து மெஷினும் ஒண்ணா அடிக்குமே...”

“அடிக்கிறவளுக்கு சத்தம் எங்கடா கேட்கும்? கண்ணு புக்ல இருக்கும், கவனம் விரல்ல இருக்கும். எனக்கு சுண்டுவிரல் வலிதான் ஞாபகம் இருக்கு. இங்கிலீஷ்ல அடிச்சா ‘ஏ’, தமிழ்ல அடிச்சா ‘ய’. ரெண்டுமே இடது சுண்டுவிரல் தலையிலதான். நீ பெஞ்சுல உட்கார்ந்து மழை கேட்டே. நனைஞ்சது நான்.”

பல்பு எரிஞ்சுதா? எனக்கு எரிஞ்சுது.

விரலா, சுத்தியலா?

அக்கா சொன்னதுல எவ்வளவு உண்மைன்னு பார்ப்போம். பழைய தட்டச்சு மெஷின்ல கரன்ட் கிடையாது. நீங்க தட்டுற வேகம்தான் எழுத்துக் கம்பியைத் தூக்கி, ரிப்பன் வழியா பேப்பர்ல அறையணும். விசை ஒரு சென்டிமீட்டருக்கும் மேல கீழே இறங்கும். இன்னிக்கு லேப்டாப்ல அந்த இறக்கம் ஒண்ணு, ஒண்ணரை மில்லிமீட்டர்தான். கார்பன் பேப்பர் வெச்சு மூணு காப்பி எடுக்கணுமா? இன்னும் ஓங்கி அடிக்கணும். மெதுவா அடிச்சா எழுத்து மங்கும், அவசரமா அடிச்சா ரெண்டு கம்பி பின்னிக்கும். தப்பா அடிச்சா பேப்பரை உருவிட்டு முதல்லேர்ந்து ஆரம்பம்!

இப்படி அடிச்சு லோயர் பாஸ் பண்ண நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையர் பாஸ் பண்ண 45 வார்த்தை. ஒரு வார்த்தைக்கு 5 தட்டு கணக்கு. அப்படின்னா ஹையர்ல பத்து நிமிஷத்துக்கு 2,250 தட்டு. விரலுக்குப் பதிலா சுத்தியல் இருந்தா நல்லா இருக்கும்னு தோணும்.

தமிழ் மெஷின்ல இன்னொரு வித்தை. யாழ்ப்பாணத்துல 1886-ல் பிறந்த ஆர். முத்தையாவைத்தான் தமிழ்த் தட்டச்சின் தந்தைன்னு சொல்றோம். நம்ம 247 எழுத்தை இத்தனூண்டு விசைப்பலகையில அடக்க அவர் பிடிச்ச வழி, ‘நகரா விசை’. புள்ளியை முதல்ல அடிக்கணும். அப்போ கேரேஜ் நகராது. அடுத்து ‘ம’ அடிச்சா, புள்ளிக்குக் கீழே போய் அது உட்காரும். நாம ‘ம்’னு சொல்றப்போ மெய்க்குப் பிறகுதான் புள்ளியை நினைக்கிறோம், விரல் மட்டும் முன்னாடியே நினைக்கணும். ‘அம்மா’ன்னு அடிக்க அஞ்சு தட்டு: அ, புள்ளி, ம, ம, துணைக்கால். தமிழக அரசு 1999-ல் ஏத்துக்கிட்ட ‘தமிழ்99’ விசைப்பலகையில நாலே தட்டு. ‘ம’வை ரெண்டு தடவை அடிச்சா புள்ளியை கம்ப்யூட்டரே வெச்சுக்கும். ஆனா, இன்ஸ்டிடியூட்ல பழகின விரல்கள் கம்ப்யூட்டருக்கு வந்த பிறகும் பழைய வரிசையை விடலை. அக்காவும் விடலை. கஷ்டப்பட்டுப் பழகினதை யார்தான் விடுவாங்க?

அந்தச் சத்தமே டூப்பு!

“சரி, டைப்ரைட்டர் கஷ்டம். பழைய கம்ப்யூட்டர் டெர்மினல் கீபோர்டு சூப்பர்னு சொல்றாங்களே?”னு நீங்க கேட்பீங்க. நியாயமான கேள்வி. இங்கேதான் ஒரு சுவாரஸ்யம் இருக்கு.

டெர்மினல்னா ஒரு திரை, ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். மூளையான கம்ப்யூட்டர் வேற ரூம்ல இருக்கும். 1978-ல் அமெரிக்காவோட டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் ‘வி.டி.100’னு ஒரு டெர்மினல் கொண்டு வந்தது. உலகம் முழுக்க ஹிட். அதோட கீபோர்டுக்குள்ள ஒரு குட்டி ஸ்பீக்கர் உண்டு. நீங்க விசையைத் தட்டினா அந்த ஸ்பீக்கர் ‘க்ளிக்’னு சொல்லும். வேண்டாம்னா செட்டிங்ஸ்ல நிறுத்திக்கலாம். அதாவது, சத்தம் விசையிலேர்ந்து வரலை. தனியா சேர்த்தது!

ஐ.பி.எம். இன்னும் ஒரு படி மேல. 1970-களில் வந்த அவங்க டெர்மினல் கீபோர்டுகள்ல, ஒவ்வொரு தட்டுக்கும் ‘டொக்’னு இடிக்கிற ஒரு மின்காந்தச் சுத்தியலையே உள்ளே வெச்சாங்க. ஏன் தெரியுமா? அன்னிக்கு அந்த டெர்மினல் முன்னாடி வந்து உட்கார்ந்தவங்கள்ல பலர், 1961-ல் வந்த ஐ.பி.எம். செலக்ட்ரிக் மாதிரியான எலெக்ட்ரிக் டைப்ரைட்டர்ல பழகினவங்க. சத்தம் இல்லேன்னா ‘எழுத்து விழுந்துச்சா, இல்லையா?’ன்னு அவங்களுக்கு சந்தேகம் வந்துடும்.

புரியுதா? இன்னிக்கு நாம ‘ஆஹா, ஒரிஜினல் ஃபீல்’னு ஏங்குற அந்தப் பழைய டெர்மினல் சத்தமே, அதுக்கு முந்தின மெஷினை நினைச்சு ஏங்கினவங்களுக்காகச் செஞ்ச டூப்பு. உங்க செல்போன்ல கீபோர்டு சவுண்டை ஆன் பண்ணினா வர்ற ‘டிக்’கும் அதே பரம்பரைதான்.

அப்ப எல்லாமே பொய்யா? அவசரப்படாதீங்க!

1980-களில் ஐ.பி.எம். பர்சனல் கம்ப்யூட்டரோட வந்த கீபோர்டுகள்ல வேற கதை. 1981-ல் ‘மாடல் எஃப்’, 1985-ல் ‘மாடல் எம்’. ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு ஸ்பிரிங். அழுத்திக்கிட்டே போனா, ஒரு கட்டத்துல ஸ்பிரிங் ‘டப்’னு வளையும். எழுத்து பதிவாகுறதும் அந்த இடத்துலதான். விரலுக்குத் தட்டுப்படுது, காதுக்குக் கேட்குது, எழுத்தும் விழுது. மூணும் ஒரே நேரத்துல. இது டூப்பு இல்லை, நிஜமான தகவல். நம்ம காலேஜ் லேப்ல இருக்கிற சாதா கீபோர்டுல ஸ்பிரிங்குக்குப் பதிலா ரப்பர் குமிழ். அடி வரைக்கும் அமுக்கினாதான் எழுத்து விழுந்ததுன்னு நம்பிக்கை வரும்.

நம்ம ஊர்லயும் இந்த ‘க்ளிக்’ வம்சத்துக்கு ஒரு பிரதிநிதி உண்டு. சென்னையைச் சேர்ந்த டி.வி.எஸ். எலெக்ட்ரானிக்ஸோட ‘கோல்டு’ கீபோர்டு. அதோட பழைய மாடல்கள்ல இருந்தது ஜெர்மனி செர்ரி நிறுவனத்தோட நீல சுவிட்ச். டேட்டா என்ட்ரி, டி.டி.பி., கணக்கு எழுதுற கடைகள்னு நாள் முழுக்க தட்டுற இடங்கள்ல இது பிரபலம். ‘மெக்கானிக்கல் கீபோர்டு’ன்னு ஃபேஷன் பேர் வர்றதுக்கு முன்னாடியே நம்ம அண்ணன்கள், அக்காக்கள் அதுலதான் குடும்பம் நடத்தியிருக்காங்க. ஃபீலுக்காக இல்லை. தாங்குதே, அதுக்காக!

பத்து நிமிஷப் பந்தயம்

திரும்ப அக்கா வீட்டுக்கு வருவோம். ஞாபகம் பெருசா, நிஜம் பெருசான்னு ஒரு பந்தயம் வெச்சோம். ஒரே நியூஸ் பேப்பர், ஒரே பக்கம். லேப்டாப்ல பத்து நிமிஷம், புது கீபோர்டுல பத்து நிமிஷம்.

அக்காவுக்கு ரெண்டுலயும் ஏறக்குறைய ஒரே ஸ்பீடு! நாலஞ்சு வார்த்தைதான் வித்தியாசம். புது கீபோர்டுல தப்பு மட்டும் கொஞ்சம் கம்மி. “எழுத்து விழுந்துச்சான்னு ஸ்கிரீனைப் பார்க்க வேண்டியதில்லை. அது ஒண்ணு வசதிதான்”னு ஒத்துக்கிட்டா. டி.டி.பி. கடையில வேலை பார்த்தப்போ இதே மாதிரி ஒண்ணுலதான் அவ அடிச்சிருக்கா.

அடுத்து, காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு நான் அடிச்சுப் பார்த்தேன். நிஜமா சொல்றேன், நான் ‘ஃபீல், ஃபீல்’னு சொன்னதுல பாதி அங்கேயே காணாமப் போச்சு! அது என் விரல்ல இருந்தது இல்லை, காதுல இருந்தது. மீதிப் பாதி நிஜம். ஆனா, முக்கால் மணி நேரத்துல மணிக்கட்டு வலிக்க ஆரம்பிச்சது. பக்கத்து ரூம்ல படுத்திருந்த அம்மா, “யாருடா அது, ராத்திரியில பாக்கு இடிக்கிறது?”ன்னாங்க.

அப்புறம் அக்கா நான் கேட்காத கதையெல்லாம் சொன்னா. 2003-ல் ஹையர் பாஸ் பண்ணிட்டா. ஆனா, அரசு வேலைக்கு ஆள் எடுக்கத் தடை இருந்த நேரம் அது. 2001 கடைசியில வந்த தடை, 2006-ல்தான் நீங்கிச்சு. அதுவரைக்கும் ஒரு வக்கீல் ஆபீஸ்ல பத்திரத் தாள்ல டைப் அடிச்சிருக்கா. ஒரு எழுத்து தப்பினா தாள் வீண், அந்தக் காசு சம்பளத்துல பிடிப்பு. “டி.டி.பி. கடையில மொத நாள் பேக்ஸ்பேஸ் அமுக்கினேன். எழுத்து போயிடுச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சுடா”ன்னா.

“அப்ப அந்த இன்ஸ்டிடியூட்ல பிடிச்ச விஷயம் ஒண்ணுகூட இல்லையாக்கா?”

கொஞ்ச நேரம் யோசிச்சா. “இருந்துச்சு. அந்த ஒரு மணி நேரம் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க. தண்ணி எடுத்துட்டு வா, மாட்டைக் கட்டு... எதுவும் கிடையாது. நானும் மெஷினும் மட்டும். அது திரும்பக் கிடைச்சா நல்லா இருக்கும். அதை எந்தக் கடையில விக்கிறான்?”

எனக்குப் பதில் தெரியலை.

2011-ல் கோத்ரெஜ் டைப்ரைட்டர் கதை உலகம் முழுக்க நியூஸ் ஆச்சு, ஞாபகம் இருக்கா? 1955-லேர்ந்து இந்தியாவுல டைப்ரைட்டர் செஞ்ச கோத்ரெஜ் அண்ட் பாய்ஸ் 2009-லயே உற்பத்தியை நிறுத்திடுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு, ‘உலகத்தின் கடைசி டைப்ரைட்டர் தொழிற்சாலை மூடல்’னு பல நாட்டுப் பேப்பர்கள்ல கண்ணீர் அஞ்சலி. அது கடைசியும் இல்லை, வேற கம்பெனிகளும் செஞ்சுக்கிட்டுதான் இருந்தாங்க! அங்கே அஞ்சலி நடந்தப்போ, இங்கே நம்ம ஊர் மெக்கானிக்குகள் ஒரு மெஷின் பாகத்தைக் கழட்டி இன்னொண்ணுல மாட்டி ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. ஏன்னா, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துற தட்டச்சுத் தேர்வை 2020-களிலும் நம்ம பிள்ளைங்க இந்த மெஷின்ல எழுதியிருக்காங்க. குரூப் 4 தட்டச்சர் வேலை கனவுல இருக்கிற ஒரு பொண்ணுக்கு அது ஞாபகச் சின்னம் இல்லை. நாளைக்கான சாப்பாடு.

அதனால ஃப்ரெண்ட்ஸ், கீபோர்டு வாங்குற ஐடியா இருந்தா, மூணே மூணு டெஸ்ட். ஒண்ணு, கடையில ரெண்டு தட்டு தட்டிட்டு மயங்காதீங்க. ஃப்ரெண்டுகிட்ட கடன் வாங்கி, ஒரு முழு அசைன்மென்ட் அடிச்சுப் பாருங்க. ரெண்டு, காதுல பஞ்சு வெச்சு அடிங்க. அப்பவும் பிடிச்சா, அது நிஜமாவே விரலுக்குப் பிடிச்சது. மூணு, ரூம்மேட்டைக் கேளுங்க. சத்தம் உங்களுக்கு சங்கீதம், அவருக்கு செமஸ்டர் அரியர்!

பழசு பிடிக்கிறது தப்பே இல்லை. ‘அந்தக் காலம் எவ்வளவு நல்லா இருந்துச்சு’ன்னு சொல்றதுக்கு முன்னாடி, அந்தக் காலத்துல நாம பெஞ்சுல உட்கார்ந்திருந்தோமா, மெஷின் முன்னாடி உட்கார்ந்திருந்தோமான்னு மட்டும் ஒரு தடவை யோசிச்சுக்கலாம். இந்த வாரம் வீட்டுக்குப் போனா, உங்க அம்மாகிட்டயோ சித்திகிட்டயோ கேட்டுப் பாருங்க. அம்மியைப் பத்தி, விறகடுப்பைப் பத்தி, ஏன், அவங்க டைப்ரைட்டிங் கிளாஸைப் பத்தி. உங்களுக்கு மணமா ஞாபகம் இருக்கிறது, அவங்களுக்குப் புகையா ஞாபகம் இருக்கலாம்.

கீபோர்டு என்னாச்சுன்னு கேட்கறீங்களா? அக்கா அதை மறுபடியும் பெட்டியில போட்டு என் கையிலயே கொடுத்துட்டா.

“நீயே வெச்சுக்கோ. ஒரு வருஷம் அந்த வாசல்ல உட்கார்ந்திருந்தே. இன்னும் ரெண்டு விரல்லதானே அடிக்கிறே? மொதல்ல பத்து விரல்ல அடிக்கக் கத்துக்கோ. அப்புறம் ஃபீலைப் பத்திப் பேசலாம்.”

மானம் போச்சு! இப்ப தினமும் காலையில அரை மணி நேரம். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்... செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே...

மூணாவது வாரம் ஓடுது. அக்கா சொன்னது சரிதான். சத்தம் கேட்கவே மாட்டேங்குது. இடது சுண்டுவிரல்தான் வலிக்குது!